கோச்சை மாற்றினால் போதுமா?

கால்பந்துப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி கோபக் கடிதங்கள். அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது, கோச்சைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒரு அணியோடு நிற்கிறவருக்குத்தான் இந்தக் கோபம் வரும். எனக்கும் வந்திருக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் ஒவ்வொரு கடிதமாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம் சார். சென்னையின் எஃப்.சி. மேட்ச்சுக்கு 2015-லிருந்து போகிறேன். 2024-25 சீசனில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்து நின்று "கோச்சை மாத்துங்கடா" என்று கத்திவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெரியவர், "தம்பி, பந்தை உதைக்கிறது பதினோரு பேர். வெளியே நிக்கிற மனுசனை எதுக்குத் திட்டுற?" என்றார். நான் கத்தினது தப்பா? (வியாசர்பாடி வாசகர்)

பதில்: தப்பே இல்லை. வியாசர்பாடிக்காரருக்கு ஃபுட்பாலைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை, உங்கள் ஏரியாவில் பந்து உதைக்காத தெரு எது? ஆனால் அந்தப் பெரியவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் நம்ம அணியின் கதையிலேயே இருக்கிறது, வேறெங்கும் தேட வேண்டாம்.

2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல். 9-வது நிமிடத்திலேயே எதிரணி பெங்களூருவின் சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். அப்புறம் நம்ம மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு ஹெட்டர், இரண்டும் கார்னரிலிருந்து வந்தவை, அதற்குப் பிறகு ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 3-2 என்று ஜெயித்துக் கோப்பையைச் சென்னைக்குக் கொண்டுவந்தோம். கோச் ஜான் கிரிகரி, இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லா அணிக்கு மேனேஜராக இருந்தவர். அன்றைக்கு அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத ரசிகர் யார்?

அடுத்த சீசன் அதே கிரிகரி. 18 மேட்ச், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. மொத்தம் 9 பாயின்ட், டேபிளில் கடைசி. கேப்டன் செரெனோ போய்விட்டார், நடுவில் அணியைத் தாங்கிப் பிடித்த நம்ம சென்னைப் பையன் தனபால் கணேஷ் காயத்தில் உட்கார்ந்துவிட்டார். இவையெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் 13 தோல்வியை இவற்றை மட்டும் வைத்து விளக்க முடியாது. அந்த சீசனில் ஒரு ராத்திரி, மேட்ச் முடிந்து ஸ்டாண்டு காலியான பிறகு, நாற்பது வயது இருக்கும், ஒருத்தர் தன் நீலக் கொடியை மடிமேல் வைத்து இஸ்திரி போட்டது மாதிரி மடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஓரம் சரியாக வரவில்லை, பிரித்துவிட்டு மறுபடி மடித்தார். யாரையும் திட்டவில்லை. நான் எத்தனையோ தோல்வி பார்த்திருக்கிறேன், அவரை மட்டும் மறக்க முடியவில்லை.

கிளப் கிரிகரியை வைத்துக்கொண்டது. 2019-20 சீசனில் முதல் நாலு மேட்ச்சில் ஒரு கோல் கூட இல்லை. ஆறு மேட்ச் முடிந்தபோது கையில் 5 பாயின்ட். கிரிகரி விலகினார், டிசம்பரில் ஓவன் காய்ல் வந்தார். இப்போது அந்தப் பெரியவருக்குச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். நெரியுஸ் வால்ஸ்கிஸ், ரஃபேல் கிரிவெல்லாரோ இரண்டு பேருமே கிரிகரி காலத்திலேயே வந்து சேர்ந்தவர்கள். அதே ஆட்கள், அதே டிரெஸ்ஸிங் ரூம், மிச்சம் இருந்த 12 மேட்ச்சில் 24 பாயின்ட் எடுத்தார்கள். நாலாவது இடம், செமி ஃபைனலில் கோவாவை இரண்டு மேட்ச்சும் சேர்த்து 6-5, அப்புறம் ஃபைனல். வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல். கோவிட் வந்து ஃபடோர்டா மைதானத்தில் ஆளே இல்லாமல் நடந்த அந்த ஃபைனலில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.-யிடம் 3-1 என்று தோற்றோம், அது வேறு வலி. பந்தை உதைத்தது அதே பதினோரு பேர்தான், வெளியே நின்ற ஆள் மாறினதும் ஆட்டம் மாறியது. ஆக, கோச்சைத் திட்டுவதற்கு அர்த்தம் இருக்கிறது.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பாருங்கள். காய்ல் போன பிறகு 2020-21-இல் சாபா லாஸ்லோ, 8-வது இடம். 2021-22-இல் பாந்தோவிச், கோவாவிடம் 5-0 என்று வாங்கியதும் அவரை அனுப்பினார்கள், நம்ம சையத் சபீர் பாஷா மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார், 8-வது இடம். 2022-23-இல் தோமஸ் பர்டாரிச், அப்போதும் 8-வது இடம். மூன்று வருஷம், மூன்று கோச், மூன்று விதமான பேச்சு, டேபிளில் மட்டும் அதே இடம். இதைப் பார்த்த பிறகும் ஒவ்வொரு முறையும் கோச் மட்டும்தான் காரணம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. யாரை வாங்குகிறோம், எவ்வளவு செலவு செய்கிறோம், போன வருஷம் நன்றாக ஆடியவனை ஏன் விட்டோம் என்பதெல்லாம் கோச்சுக்கு மேலே முடிவாகிற விஷயம்.

இதில் காய்ல் கதையையும் முடித்துவிடுகிறேன். இங்கிருந்து ஜாம்ஷெட்பூர் போனவர் 2021-22-இல் அந்த அணிக்கு, டேபிளில் முதலிடம் பிடித்ததற்கான லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்தார். 2023-இல் நம்மிடம் திரும்பி வந்து முதல் சீசனில் 6-வது இடம், பிளே-ஆஃப் வரை கொண்டுபோனார். அடுத்த சீசன் 13 அணிகளில் 11-வது. நீங்கள் கத்தியது அந்த சீசனில். 2019-இல் அணியைத் தூக்கி நிறுத்திய அதே மனுஷர்தான். நீங்கள் கத்தியது நியாயம், ஆனால் கத்தும்போது கோச் பெயரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். "ஏன் இந்த டிஃபென்ஸை அப்படியே விட்டீங்க" என்று ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிக் கத்துங்கள்.

கேள்வி: நான் மதுரையில் காலேஜ் படிக்கிறேன் அண்ணே. மான்செஸ்டர் யுனைடெட் ஃபேன். கிரிம்ஸ்பி மேட்ச்சை விடிய விடியப் பார்த்துவிட்டு மறுநாள் இன்டர்னல் எக்ஸாம் எழுதினேன். கோச் ரூபன் அமோரிம் மாதிரி ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததே இல்லை. அவரால்தான் அணி நாசமானது என்கிறேன், என் ரூம்மேட் ஓனர்தான் காரணம் என்கிறான். நீங்கள் சொல்லுங்கள். (மதுரை மாணவர்)

பதில்: தம்பி, அந்த ராத்திரி நானும் முழித்திருந்தேன். 2025 ஆகஸ்ட் 27, நம்ம நேரப்படி நள்ளிரவு தாண்டி 12.30-க்கு ஆரம்பம். கிரிம்ஸ்பி நாலாவது டிவிஷன் அணி. யுனைடெட் அவர்களிடம் இரண்டு கோல் வாங்கி, கடைசி கால் மணி நேரத்தில் இரண்டையும் திருப்பி, பெனால்டியில் இரண்டு பக்கமும் சேர்த்து 26 உதை. கடைசியில் யுனைடெட்டின் எம்பேமோ அடித்த பந்து கம்பியில் பட்டது, 12-11 என்று தோல்வி. அந்த மழையில் டக்-அவுட்டில் உட்கார்ந்து அமோரிம் ஒரு சின்ன பலகையில் காந்த வில்லைகளை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்ததை கேமரா காட்டியது, பார்த்திருப்பாய். எனக்குக் கோபத்தை விடப் பாவமாக இருந்தது. ஆனால் பலகையில் எப்படி நகர்த்தினாலும் அது திரும்பவும் அதே 3-4-3-க்குத்தான் வந்து நின்றது என்பதுதான் உன் கோபம், அது சரியான கோபம்.

அதை விளக்கமாகச் சொல்கிறேன். பின்னால் மூன்று பேர், இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொருத்தர், முன்னால் மூன்று பேர். அப்படியானால் நடு மைதானத்துக்கு மிஞ்சுவது இரண்டே பேர். எதிரணி நடுவில் மூன்று பேரைப் போட்டால் ஒருத்தன் எப்போதும் மறிக்க ஆளில்லாமல் நிற்பான், பந்து அவனிடம் போய்ச் சேரும். யுனைடெட்டில் அந்த இரண்டு பேரில் ஒருத்தர் பெரும்பாலும் புரூனோ ஃபெர்னாண்டஸ், கோல் போஸ்ட் பக்கத்தில் நின்று எதிரணியைப் பயமுறுத்த வேண்டிய ஆள், தன் டிஃபென்ஸுக்கு முன்னால் ஓடி ஓடிக் களைத்துப் போனார். அந்தக் கால மேட்ச் எதையாவது திரும்பப் போட்டு, எதிரணி நடு வட்டத்தில் பந்தை வைத்திருக்கும் ஒரு இடத்தில் நிறுத்திப் பார். வட்டத்துக்குப் பக்கத்தில் எத்தனை சிவப்புச் சட்டை என்று எண்ணு. பல மேட்ச்சில் அந்த ஒரு எண்ணிக்கையே முழு 90 நிமிடத்தையும் சொல்லிவிடும். இதை மாற்ற அவருக்கு 14 மாதம் கிடைத்தது. போப்பாண்டவரே வந்தாலும் தன்னை மாற்ற முடியாது என்று செய்தியாளர்களிடம் சொன்னார். இந்தப் பழி அவருடையதுதான்.

2024-25-இல் 42 பாயின்ட், 18 தோல்வி, 15-வது இடம். 1973-74-இல் இரண்டாவது டிவிஷனுக்கு இறங்கிய பிறகு இவ்வளவு கீழே அந்த கிளப் முடித்ததே இல்லை. ஓல்ட் டிராஃபோர்டில் பிரைட்டனிடம் தோற்ற அன்றைக்கு, கிளப் வரலாற்றிலேயே மோசமான அணி இதுவாக இருக்கலாம் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். உண்மையைச் சொன்னார், ஆனால் அந்த அணியை நடத்துகிறவர் வாயிலிருந்து வந்ததும் பையன்கள் மனசு என்ன ஆகியிருக்கும்?

சரி, உன் ரூம்மேட் பக்கம். அமோரிமுக்கு முன்னால் இருந்த எரிக் டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள், அக்டோபர் 28-ஆம் தேதி அனுப்பிவிட்டார்கள். அதற்கான செலவு மட்டும் 1 கோடி பவுண்டைத் தாண்டியது. அமோரிமோ சீசன் முடிந்து வருகிறேன் என்றார், இப்போது வந்தால்தான் உண்டு என்று கிளப் நெருக்கியது. போர்ச்சுகலில் தன் பழைய ஸ்போர்ட்டிங் அணியில் அவர் அந்த 3-4-3-ஐ வைத்துத்தான் 2020-21-இல் 19 வருஷத்துக்குப் பிறகு லீக்கை ஜெயித்துக் கொடுத்தார், 2023-24-இல் மறுபடியும் ஜெயித்தார். அவர் என்ன ஆடுவார் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தே, நாலு டிஃபென்டர் முறைக்குச் சேர்த்த அணியை சீசன் நடுவில் அவர் கையில் கொடுத்தது யார்? 2025 கோடையில் முன்வரிசைக்கு மட்டும் 20 கோடி பவுண்டு அளவுக்குச் செலவு செய்துவிட்டு, ஓட்டை விழுந்திருந்த நடுப்பகுதியை அப்படியே விட்டது யார்? என் கணக்கில், அவரை அந்த நேரத்தில் கொண்டுவந்தது கிளப்பின் தப்பு, வந்த பிறகு இம்மியும் நகராதது அவர் தப்பு. ஒரு விழுக்காடு சொல்லு என்றால், கிளப் பக்கம்தான் கொஞ்சம் கூடப் போடுவேன். இன்றைக்கு டீ உன் செலவு.

2024 அக்டோபரில் ஒரு யுனைடெட் ரசிகர், அணி தொடர்ந்து ஐந்து மேட்ச் ஜெயிக்கும்வரை முடி வெட்ட மாட்டேன் என்று சபதம் எடுத்தது தெரியுமா? நம்ம ஊரில் பழனிக்கு முடி வளர்க்கிற மாதிரிதான். அமோரிம் இருந்தவரை அந்தத் தலையில் கத்தரி படவில்லை. அந்தப் பையனுக்கு எவ்வளவு பாசம் இருந்தால் அப்படித் திரிவான்.

கேள்வி: ஹெட் கோச், மேனேஜர் இரண்டும் ஒன்றுதானே? ஏன் இரண்டு பெயர்? (திண்டுக்கல் வாசகி)

பதில்: ஒன்றில்லை மேடம், சண்டையே இதில்தான் வருகிறது. இங்கிலாந்தின் பழைய முறையில் மேனேஜர் என்றால் அணியைத் தேர்ந்தெடுப்பது மட்டும் இல்லை, யாரை வாங்குவது, யாரை விற்பது, இளைஞர் அணியில் யார் மேலே வருவது எல்லாமே அவர் கை. ஹெட் கோச் என்றால் பயிற்சியும் மேட்ச்சும் மட்டும். ஆளைக் கொண்டுவருவது ஸ்போர்ட்டிங் டைரக்டர் மாதிரி வேறு ஒருவர். அமோரிமின் பதவிப் பெயர் ஹெட் கோச். 2026 ஜனவரி 4-ஆம் தேதி லீட்ஸ் மைதானத்தில் 1-1 டிரா ஆன பிறகு, நான் இங்கே மேனேஜராக இருக்க வந்தேன், வெறும் கோச்சாக இருக்க வரவில்லை என்று பேசினார். மறுநாள் வேலை போய்விட்டது, அப்போது அணி 6-வது இடத்தில் இருந்தது. தோல்விகளின்போது வராத முடிவு, மேலே இருப்பவர்களை எதிர்த்துப் பேசியதும் வந்தது. உங்கள் அணியின் கோச்சைத் திட்டுவதற்கு முன் அவர் பதவிப் பெயரைப் பாருங்கள். சமையல்காரரிடம் குழம்பு உப்பாகிவிட்டது என்று கேட்கலாம், காய் அழுகல் என்றால் மார்க்கெட்டுக்குப் போனவரைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: வணக்கம் அண்ணை. உதைபந்தாட்டத்தில் பயிற்றுநர் தோற்றால் எல்லாரும் "பெர்குசனுக்கும் முதல் மூன்று வருசம் ஒன்றும் கிடைக்கேல்லை, பொறுமையா இருங்கோ" என்று சொல்லுகினம். எவ்வளவு காலம்தான் பொறுக்கிறது? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: எனக்கும் இந்த உதாரணம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று.

கதை உண்மைதான். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த அலெக்ஸ் பெர்குசன் மூன்று வருஷம் ஒரு கோப்பையும் எடுக்கவில்லை. 1989 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1. அந்த டிசம்பரில் ஒரு ரசிகர் ஓல்ட் டிராஃபோர்டில், மூன்று வருஷமாகச் சாக்குத்தான், போய் வாருங்கள் என்ற அர்த்தத்தில் துணி பேனர் பிடித்தார். அந்த சீசன் லீக்கில் 13-வது இடம். ஆனால் 1990 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்தில் மார்க் ராபின்ஸ் போட்ட ஒரு கோலில் தொடங்கி, மே மாதம் எஃப்.ஏ. கோப்பை வந்தது. அப்புறம் 13 லீக் பட்டங்கள்.

இதை எடுத்து எல்லாத் தோல்விக்கும் மருந்தாகத் தடவுகிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. பெர்குசன் வெறும் கையோடு வந்தவர் இல்லை, ஸ்காட்லாந்தில் அபர்டீன் அணியை 1983-இல் ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை ஜெயிக்க வைத்தவர். தோற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே இளைஞர் அணியைத் தோண்டித் துருவிச் சரி செய்துகொண்டிருந்தார். ராபின்ஸும் சரி, ஃபைனலின் இரண்டாவது மேட்ச்சில் அந்த ஒரே கோலைப் போட்ட லீ மார்ட்டினும் சரி, கிளப்பிலேயே வளர்ந்தவர்கள். அதாவது தோல்விக்கு அடியில் ஏதோ கட்டப்பட்டுக்கொண்டிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

ஆர்சனலில் கோச் ஆர்டெட்டாவும் இப்படித்தான். இரண்டு சீசன் 8-வது இடம், 2021-22-இல் முதல் மூன்று மேட்ச்சும் தோல்வி, ஒரு கோல் கூட இல்லை, டேபிளில் கடைசி. ரசிகர்கள் வெளியே போ என்றார்கள். ஆனால் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே சாக்கா, ஸ்மித் ரோ போன்ற பொடியன்களை நம்பி இறக்கி செல்சியை 3-1 என்று அடித்திருந்தார். 2021-22 சீசனை 5-வதாக முடித்தார்கள், அதற்கு அடுத்த மூன்று சீசனும் இரண்டாவது இடம்.

எவ்வளவு காலம் என்று மாதக் கணக்கு என்னால் சொல்ல முடியாது அண்ணை. நான் பார்ப்பது இதை: ஆகஸ்டில் வாங்கின மாதிரியே ஜனவரியிலும் கோல் வாங்குகிறார்களா? அதே கார்னர், அதே தூரத்துக் கம்பம், அதே ஆள் நிற்காத இடம்? அப்படியென்றால் பயிற்சியில் ஒன்றும் நடக்கவில்லை, பொறுமை அங்கே வீண். தோற்கிற விதம் மாறிக்கொண்டே வருகிறது, ஒரு சின்னப் பையன் மாதத்துக்கு மாதம் நன்றாக ஆடுகிறான் என்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி: கோப்பை ஜெயித்துக் கொடுத்த கோச்சையே தூக்குகிறார்களே, நன்றி இல்லையா? (சேலம் வாசகர்)

பதில்: லெஸ்டர் அணியின் ரானியேரியை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 5000-க்கு 1 என்று பந்தயம் கட்டிய அணியை 2015-16-இல் சாம்பியன் ஆக்கினார், 2017 பிப்ரவரியில் அனுப்பினார்கள். எனக்கு அன்றைக்கு மனசு ஆறவில்லை. ஆனால் கீழ் டிவிஷனுக்கு இறங்க ஒரே ஒரு பாயின்ட் தூரத்தில் இருந்தார்கள், அவருக்குப் பின் வந்த ஷேக்ஸ்பியர் முதல் ஐந்து லீக் மேட்ச்சையும் ஜெயித்தார், 12-வது இடத்தில் முடித்தார்கள். டாட்டன்ஹாம் இன்னும் கொடுமை. 2025 மே 21-ஆம் தேதி பில்பாவோவில் இதே யுனைடெட்டை 1-0 என்று ஜெயித்து யூரோப்பா லீக் கோப்பையை எடுத்தார் கோச் போஸ்டகோக்ளு, லீக்கில் 17-வது இடம் என்று 16 நாளில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நன்றி ரசிகர்களிடம் இருக்கும் சார், அலுவலகத்தில் டேபிளைத்தான் பார்க்கிறார்கள். வீரர்களை ஏன் மாற்றுவதில்லை என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். வீரர்களை வாங்கி விற்கிற டிரான்ஸ்ஃபர் காலம் முடிந்துவிட்டால் இருபத்தைந்து பேரை மாற்ற வழியே இல்லை, ஒருத்தரைத்தான் மாற்ற முடியும்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அணி தோற்றால் சாப்பிடுவதில்லை. போனில் கோச்சைப் பற்றி எழுதுவதைப் பார்த்தேன், அவர் மனைவி, குழந்தைகளைப் பற்றியெல்லாம் அசிங்கமாக. கேட்டால் "எல்லாரும் அப்படித்தாம்மா எழுதுறாங்க" என்கிறான். கண்டிக்கலாமா, வயசுக் கோளாறு என்று விட்டுவிடலாமா? (கோவை வாசகி)

பதில்: கண்டிக்க வேண்டும் அம்மா, இன்றைக்கே. இந்தப் பக்கத்தில் கோபத்துக்கு எவ்வளவு இடம் வேண்டுமானாலும் கொடுப்பேன், இதற்குக் கொடுக்க மாட்டேன். லைன்-அப் போட்டது கோச், அவர் பிள்ளை இல்லை. 2021-இல் யூரோ ஃபைனலில் பெனால்டி தவறவிட்ட ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா மூன்று பேரையும் நிறத்தை வைத்துக் கேவலமாக எழுதினவர்களை இங்கிலாந்துப் போலீஸ் தேடிப் பிடித்துக் கைது செய்தது. அதை அவனுக்குச் சொல்லுங்கள், பயமுறுத்த இல்லை, போனில் எழுதுவதும் நேரில் சொல்வதும் ஒன்றுதான் என்று புரிவதற்கு.

ஆனால் போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் மட்டும் சரியாகாது, அந்த ஆத்திரம் எங்கேயாவது போக வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். மேட்ச் பார்க்கும்போது நிமிடம், என்ன நடந்தது, அவன் கோச்சாக இருந்தால் என்ன செய்திருப்பான், இதை மட்டும் எழுதட்டும். "61-வது நிமிடம், இடது பக்கம் ரெண்டு பேர் தப்பிச்சிட்டாங்க, நான் அப்பவே லெஃப்ட் பேக் ஆளை மாத்தியிருப்பேன்." நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இப்படி எழுதுகிறேன். பழைய நோட்டு ஒன்றில் ஒரே மேட்ச்சில் ஏழு இடத்தில் "சப் எங்கே?" என்று அழுத்தி எழுதி, ஒரு இடத்தில் பேனா தாளையே கிழித்திருக்கிறது. பத்து மேட்ச் எழுதினால் யாருடைய தப்பு எது என்று அவனுக்கே பிடிபடும். சாப்பாடு விஷயம் மட்டும், மேட்ச் ஆரம்பிக்கும் முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயசு. ஸ்கூல் டீமில் ஆடுகிறாள். சென்னையின் மேட்ச்சுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறாள். என் கணவர், "தோக்கிற டீமை எதுக்குப் போய்ப் பார்க்கணும், குழந்தை மனசு உடைஞ்சிடும்" என்கிறார். கூட்டிப்போகலாமா? (அம்பத்தூர் வாசகி)

பதில்: கட்டாயம் கூட்டிப்போங்கள். உங்கள் கணவரிடம் 2015-ஐச் சொல்லுங்கள். அந்த வருஷம் சீசன் பாதியில் நம்ம அணி டேபிளில் கடைசியில் கிடந்தது. கோச் மெட்டராஸியை அனுப்ப வேண்டும் என்று அப்போதும் பேசினார்கள். அப்புறம் ஜெயிக்கத் தொடங்கினார்கள், வெள்ளம் வந்து ஊரே மூழ்கிக் கிடந்ததால் நம்ம சொந்த மைதானத்து செமி ஃபைனலைக் கூடப் புனேயில் போய் ஆடினார்கள், 3-0. டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். 90-வது நிமிடம் வரும்வரை 2-1 என்று பின்னால் இருந்தோம். கோவா கோல்கீப்பர் கையில் பட்டு ஒரு பந்து உள்ளே போனது, அடுத்து ஸ்டாப்பேஜ் டைமில் மெண்டோசா. 3-2. அந்தச் சமயத்தில் இன்னும் வீட்டுக்குள் சேறு காயாத தெருக்களில் கூடக் கத்தல் கேட்டது.

இப்படி எப்போதும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. 2025-இல் லீக் நடத்தும் உரிமை ஒப்பந்தத்தில் சிக்கல் வந்து சீசனே நேரத்துக்குத் தொடங்காமல் கிடந்தது, அப்போது புதிதாக வந்த கோச் கிளிஃபோர்ட் மிராண்டாவை அதற்கெல்லாம் கேள்வி கேட்க முடியாது. ஆனால் உங்கள் மகள் ஆடுகிற பிள்ளை. டி.வி.-யில் பந்து மட்டும்தான் தெரியும். மைதானத்தில் மேலே உட்கார்ந்தால் பந்து இல்லாதவர்கள் எப்படி நகர்கிறார்கள் என்று தெரியும், கோச் கோட்டோரம் நின்று யாருக்கு என்ன கை காட்டுகிறார் என்று தெரியும். அது ஜெயிக்கிற மேட்ச்சிலும் தோற்கிற மேட்ச்சிலும் ஒன்றுதான். முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள், கோல்கீப்பர்கள் வார்ம்-அப் செய்வதை அவள் பார்க்கட்டும், அந்த வயசில் அதுதான் ரொம்பப் பிடிக்கும். டிரம் அடிக்கிற ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிக்கெட் எடுக்காதீர்கள், காது வலிக்கும், சில வார்த்தைகளும் விழும். பெரியமேட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அம்பத்தூரிலிருந்து டிரெயினில் சென்ட்ரல் வந்து இறங்கி நடந்தே போய்விடலாம்.